சூளையின் கழிவு வெப்பமும் சிமெண்டுத் தொழில் வரலாறும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

முன்னுரை

திண்டுக்கல்லின் தொழில் வரலாறு பெரும்பாலும் பூட்டு, சுருட்டு, தோல் பதனிடுதல், நூற்பாலை ஆகியவற்றைக் கொண்டே எழுதப்படுகிறது. மாவட்டத்தின் வடபகுதிச் சமவெளியில், கரிக்காலியில் 2001 இல் இயங்கத் தொடங்கிய செட்டிநாடு சிமெண்டு ஆலைக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. சிமெண்டுச் சூளையின் கழிவு வெப்பத்தை மீட்கும் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்னும் வினாவை அவ்வாலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மின்னாக்கம் என்னும் தொடக்கம்

கழிவு வெப்ப மீட்பு என்றதும் மின்னாக்கமே முதலில் சுட்டப்படுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், ஜப்பானின் நெடோ அமைப்பின் துணையுடன், இன்றைய தெலங்கானாவிலுள்ள தன் விஷ்ணுபுரம் ஆலையில் 2004 இல் நிறுவிய மின்நிலையம் இதற்குத் தக்க சான்று. சூளையிலிருந்து வெளியேறும் வெப்ப வளி நீரை ஆவியாக்குகிறது. அந்நீராவி சுழலியை இயக்குகிறது.

சூளையோடு இணைந்த மீட்பு

எனினும், மீட்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஈரமுறையில் சுண்ணாம்புக்கல் நீருடன் அரைக்கப்பட்டுக் குழம்பாகச் சூளைக்குள் செல்லும். அக்குழம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர். அதை ஆவியாக்கவே பெருமளவு நிலக்கரி செலவாயிற்று. உலர்முறையிலோ, சூளையை விட்டு மேலெழும் வளி, முன்சூடாக்கியில் படிப்படியாகக் கீழிறங்கும் கல்மாவைச் சூடாக்குகிறது. ஒரு கிலோ கிளிங்கருக்கு 1,300 கிலோகலோரிக்கு மேல் தேவைப்பட்ட வெப்பம் இதனால் 800க்கும் கீழே குறைந்தது. வீணாகியிருக்கும் வெப்பம் மின்னாக மாறாமலேயே மீட்கப்பட்டது.

காலத்தாழ்வின் காரணம்

இம்முன்சூடாக்கி ஜெர்மனியில் 1951 இலேயே பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் 1960 இல் இந்தியச் சிமெண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஈரமுறையிலேயே உற்பத்தியாயிற்று. அரசு விலையைக் கட்டுப்படுத்திய காலத்தில், எரிபொருளைச் சேமிக்கும் புதிய சூளைக்கு முதலிடும் ஊக்கம் குறைவாக இருந்தது. 1973 இன் எண்ணெய் நெருக்கடியும், 1982 இல் ஓரளவும் 1989 இல் முழுமையாகவும் நிகழ்ந்த விலைக்கட்டுப்பாட்டு நீக்கமும் உலர்முறைக்கு வழிவகுத்தன. அதன் பின்னர்த் தோன்றிய கரிக்காலி ஆலை உலர்முறைத் தலைமுறையைச் சேர்ந்தது.

முடிவுரை

முன்சூடாக்கியில் படிநிலைகள் கூடக்கூட வெளியேறும் வளியின் வெப்பம் குறைகிறது. மின்னாக்கத்திற்கு எஞ்சுவதும் குறைகிறது. எனவே மெகாவாட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், வெப்பத்தை நன்கு பயன்படுத்திய சூளையே பின்தங்கியதாகத் தோன்றும். தொடக்கத்திலேயே அமைந்துவிட்ட மீட்பு தனித் திட்டமாகப் பெயர் பெறுவதும் அரிது. ஆதலால் வட்டாரத் தொழில் வரலாற்றாய்வாளர் மின்நிலையம் அமைந்த ஆண்டோடு நில்லாமல், ஒரு கிலோ கிளிங்கருக்குச் செலவான வெப்பத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.