ஃபாலோ நாற்குறையும் காந்தப் படமும்

1888-இல் மார்செய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ, உடல் நீலம் பாரித்து இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து, நான்கு குறைகள் சேர்ந்தே வருவதை எடுத்துக்காட்டினார்: கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் சுருக்கம், ஓட்டையின் மேல் நகர்ந்து நிற்கும் மகாதமனி, தடித்த வலது கீழறை. இந்நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அன்று அது பிணவறை அறிவு. உயிரோடிருந்த குழந்தைக்கு அதனால் பயனில்லை.

அந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெலன் டௌசிக். செவித்திறன் குன்றியிருந்த அவர், இதயத் துடிப்பை விரல்களால் உணர்ந்தார். எக்ஸ்ரே திரையில் விழும் நிழலை வைத்து உள்ளிருக்கும் குறையை ஊகித்தார். நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வழிசெய்தால் குழந்தை தேறும் என்ற அவருடைய கருத்தின்படி, 1944 நவம்பர் 29 அன்று ஆல்ஃபிரட் பிளலாக் அறுவை செய்தார். அந்த முறையை விலங்குகளிடம் செய்து உருவாக்கிக் கொடுத்தவர் ஆய்வகத்தில் இருந்த விவியன் தாமஸ். கறுப்பினத்தவரான அவருக்கு உரிய பெருமை மிகவும் தாமதமாகவே கிடைத்தது. 1954-இல் மினசோட்டாவில் வால்ட்டன் லில்லஹை இதயத்தைத் திறந்து குறைகளையே சரிசெய்தார்.

பிழைத்த குழந்தைகள் பெரியவர்களானார்கள். சுருங்கிய பாதையை அகலமாக்க வால்வின் வளையத்தை வெட்டி ஒட்டுப்போட்டதால், பலருக்கு நுரையீரல் வால்வு கசிந்தது. நெடுங்காலம் இது தீங்கற்றது என்றே கருதப்பட்டது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ரத்தம் வலது கீழறையை ஆண்டுக்கணக்கில் விரியச் செய்தது. வால்வை எப்போது மாற்றுவது? சீக்கிரம் மாற்றினால் செயற்கை வால்வு தேய்ந்து மறுபடியும் அறுவை வேண்டியிருக்கும். தாமதித்தால் தசை மீளாது. இதற்கு விடை சொல்ல, அறையின் கொள்ளளவைத் துல்லியமாக அளந்தாக வேண்டும்.

1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிய, ஒலியலைகளால் இதயத்தைப் படமாக்கும் எக்கோ, பிறவி இதயக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் இன்றும் முதல் கருவி. எனினும் வலது கீழறை மார்பெலும்பின் பின்னால், இடது கீழறையைச் சுற்றி வளைந்து கிடப்பதால் அறையின் வடிவத்தை ஊகித்துச் செய்யும் எக்கோவின் கணக்கு அங்கே தடுமாறுகிறது.

1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட காந்தப் பட முறை (எம்.ஆர்.ஐ.), 1980-களில் இ.சி.ஜி.யோடு இணைக்கப்பட்டு, துடிக்கும் இதயத்தையும் படமெடுக்கத் தொடங்கியது. எம்.ஆர்.ஐ. எந்த வடிவத்தையும் ஊகிப்பதில்லை. கீழறையை அடிமுதல் நுனிவரை வரிசையான வெட்டுப் படங்களாக எடுத்து, ஒவ்வொன்றின் எல்லையையும் வரைந்து கூட்டினால் கொள்ளளவு வந்துவிடும். தமனியில் முன்னே போகும் ரத்தத்தையும் திரும்பி வருவதையும் தனித்தனியே அளக்கலாம். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 160 மில்லிலிட்டரை வலது கீழறை எட்டும்போது வால்வு மாற்றத்தைக் கருதும் வழக்கம் இந்த அளவீடுகளிலிருந்தே வந்தது. கதிர்வீச்சு இல்லாததால், ஆயுள் முழுவதும் கண்காணிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

குழந்தைகளிடம் இதற்கென்று தனிச் சிரமங்கள் உண்டு. இதயம் சிறியது, துடிப்பு வேகமானது. மூச்சை அடக்கச் சொன்னால் சிறுபிள்ளைக்குப் புரியாது. அதனால் பலருக்கு மயக்க மருந்து வேண்டியிருக்கிறது. பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டி, துணியில் இறுகச் சுற்றி, இயல்பாகத் தூங்கும்போதே படமெடுப்பதும் உண்டு. இயல்பாக மூச்சுவிடும்போதே எடுக்கும் விரைவு முறைகள் வந்தபின் மயக்க மருந்தின் தேவை குறைந்துவருகிறது.