புனாவில் இரண்டு இல்லங்கள்

1928-ஆம் ஆண்டில், சமூகத் தொண்டு பற்றிய முதல் சர்வதேச மாநாடு பாரிஸ் நகரில் கூடிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் ஆலிஸ் மஸாரிக் அம்மையார். செக்கோஸ்லோவாகியக் குடியரசின் முதல் தலைவருடைய புதல்வியாகிய இவர், இளமையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் தங்கித் தொண்டு பயின்றவர். முதல் உலகப் போருக்குப் பின் தம் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தலைமை ஏற்று நடத்தியவர். ஒரு நாட்டிற் கற்ற முறை மற்றொரு நாட்டின் துயரைத் தீர்க்கப் பயன்படும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாயிற்று. அவ்வரிசையைச் சேர்ந்த மாநாடு ஒன்று 1952 டிசம்பரில் நம் சென்னையிலேயே நடைபெற்றது.

ஆனால் கடல் கடந்த சமூகத் தொண்டு நம் நாட்டிற்கு அம்மாநாடுகளின் வழியே வந்ததன்று. பாரிஸ் மாநாட்டிற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே, இன்று புணே என வழங்கும் புனா நகரில், அதன் நன்மையும் இடர்ப்பாடும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாயின. பொருள் ஒரு நாட்டினுடையது. துயரம் மற்றொரு நாட்டினுடையது. அவ்வாறாயின், இல்லத்தின் விதியை வகுக்கும் உரிமை யாருக்கு? இக்கேள்வி அன்று எவ்வாறு எழுந்தது என்பதைக் காண்போம்.

பண்டித ரமாபாய் 1858 ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்கு வடமொழி கற்பித்தலாகாது என்ற வழக்கத்தை மீறித் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அத்தாயே மகளுக்கு ஆசிரியையானார். தலயாத்திரையிலேயே வாழ்ந்த அக்குடும்பத்தை 1870-களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் பற்றிக்கொண்டது. தந்தை, தாய், தமக்கை மூவரும் மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் தமையனும் கால்நடையாகவே நாடு சுற்றி, 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையைக் கண்டு வியந்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1880-இல் வங்காளத்து வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். இரண்டாண்டு நிறைவதற்குள் கைக்குழந்தையுடன் கைம்பெண்ணானார். 1882-இல் புனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று அவ்வாண்டில் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார்.

1883-இல் இங்கிலாந்து சென்ற ரமாபாய் அங்கே கிறிஸ்துவ சமயத்தைத் தழுவினார். 1886-இல் அமெரிக்கா சென்று, மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இளம் விதவைகளுக்கு ஓர் இல்லமும் பள்ளியும் வேண்டும் என்ற அவர் வேண்டுகோளை ஏற்று, 1887 இறுதியில் பாஸ்டன் நகரில் ‘ரமாபாய் சங்கம்’ தோன்றியது. பத்தாண்டுக் காலம் அவ்வில்லத்தைத் தாங்குவதாக அச்சங்கம் உறுதி கூறிற்று. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கிளை வட்டங்கள் ஏற்பட்டு, சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டின. இல்லத்தில் சமயப் போதனை கூடாது; மாணவியர் தத்தம் ஆசாரப்படி ஒழுகலாம்; இவ்விரண்டும் அடிப்படை விதிகள்.

1889 மார்ச் 11-ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் அது புனாவுக்கு மாற்றப்பட்டது. நீதிபதி ரானடே, டாக்டர் பண்டார்க்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவில் அமர்ந்தனர். தலை மழிக்கப்பட்டு வீட்டின் இருண்ட மூலையில் நாள் கழிக்க வேண்டியிருந்த பெண், அங்கே எழுத்தும் கணக்கும் பயின்றாள். தன் காலில் நிற்கும் நாளை எண்ணத் தொடங்கினாள்.

இடர் 1893-இல் வந்தது. ரமாபாய் தம் அறையில் மகளோடு பிரார்த்தனை செய்வது வழக்கம். அறைக்கதவு திறந்தே இருக்கும். மாணவியர் சிலர் உள்ளே வந்து அமரலாயினர். எவரையும் அழைக்கவில்லை, வருவோரைத் தடுப்பதும் தம் கடமையன்று என்பது அவர் நிலை. தாயை நாடி வரும் குழந்தைகளைப் போலத் தம்மை நாடும் இளம் பெண்கள்பால், அழைப்பின்றியே ஆசிரியையின் செல்வாக்குச் செயற்படும். சமய நடுநிலையை நம்பிப் பெண்களை அனுப்பியோருக்கு என்ன விடை கூறுவது என்பது ஆலோசனைக் குழுவினரின் கேள்வி. திலகரின் ‘கேசரி’ப் பத்திரிகை கடுமையாகக் கண்டித்தது. ரானடேயும் பண்டார்க்கரும் குழுவிலிருந்து விலகினர். பெண்கள் பலரை உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர்.

இதில் இரு தரப்பும் தத்தமக்குரிய நியாயம் உடையன என்பதை நாம் மறத்தலாகாது. ஆனால் வாதத்தில் ஒரு சொல்லும் கேட்கப்பெறாத தரப்பு ஒன்று உண்டு. வீட்டிற்கு மீட்டுச் செல்லப்பெற்ற பெண்கள் மீண்டும் எந்த மூலைக்குச் சென்றார்கள் என்று விசாரிப்பார் மிகச் சிலரே. கடல் கடந்தும் இவ்வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தருக்கும் புரூக்ளின் நகரத்து ரமாபாய் வட்டத்தாருக்கும் 1895-ஐ ஒட்டி விதவைகளின் நிலை குறித்துக் கடும் விவாதம் மூண்டது. ஒரு நாட்டின் துயரைப் பிற நாட்டில் எடுத்துரைத்துப் பொருள் திரட்டும்போது, இரக்கத்தோடு இழிவும் கலந்து பரவுகின்றது என்ற மனக்குறை அன்றே பலருக்கு இருந்தது. துயரைக் கூறாமல் மறைத்தால் உதவி வராது என்பதும் உண்மையே.

1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. தாமே பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவராதலின் ரமாபாய் வாளாவிருக்கவில்லை. நேரிற் சென்று நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். அதே சமயத்தில் புனாவிற் கொள்ளைநோய் பரவியதால், நகருக்குக் கிழக்கே உள்ள கேட்காவ் என்னும் சிற்றூரில் தாம் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியேற்றினார். அதுவே ‘முக்தி’ இல்லம். 1900-ஆம் ஆண்டை ஒட்டிய குஜராத் பஞ்சத்திற்குப் பின் அங்கிருந்தோர் தொகை ஏறத்தாழ 2,000-ஐ எட்டியது. நெசவு, உழவு, அச்சுத் தொழில் முதலியன கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்துக் கற்பிக்கப்பட்டது. இங்கே கிறிஸ்துவ சமயம் வெளிப்படையாகவே போதிக்கப்பெற்றது. ரமாபாய் 1922-இல் காலமானார். முக்தி இல்லம் இன்றும் இயங்கி வருகின்றது.

இனி இரண்டாவது இல்லத்திற்கு வருவோம். சாரதா சதனத்தின் முதல் மாணவியருள் ஒருவர் கோதுபாய் என்னும் இளம் விதவை. பெர்குஸன் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த தோண்டோ கேசவ கார்வே 1893-இல் அவரை மணந்தார். கார்வே, ரமாபாய் பிறப்பதற்கு ஐந்தே நாள் முன்னர்ப் பிறந்தவர். இம்மணத்திற்காக அவருடைய சொந்த ஊரார் அவரைச் சாதியினின்று விலக்கி வைத்தனர். சாரதா சதனத்தில் நேர்ந்த பிணக்கினை அருகிருந்து கண்ட கார்வே, ஊராரின் நம்பிக்கையை இழவாது நடக்கக் கூடிய இல்லம் ஒன்று வேண்டும் எனத் துணிந்தார். 1896-இல் அதற்கான சங்கத்தை நிறுவினார். 1900-இல் இல்லம் புனாவுக்கு வெளியே ஹிங்கணை கிராமத்தில் ஒரு சிறு குடிலுக்குச் சென்றது. கல்லூரி வேலை முடிந்தபின் கார்வே பல மைல் நடந்து சென்று அங்கே பாடம் கற்பித்தார். வீடு வீடாகச் சென்று சிறு தொகைகளை இரந்து பெற்றார்.

எனினும் கார்வே வெளிநாட்டை நோக்கிக் கதவடைத்தவர் அல்லர். ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய ஒரு சிறு வெளியீடு அவர் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த எண்ணமே 1916-இல் இந்திய மகளிர் பல்கலைக்கழகமாக வடிவெடுத்தது. பின்னர் தாக்கர்ஸே குடும்பத்தாரின் 15 லட்சம் ரூபாய் நன்கொடையால் அது நிலைபெற்றது. கார்வே 1958-இல் பாரத ரத்னம் பெற்றார். 1962-இல், தம் 104-ஆம் வயதில், மறைந்தார்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. இளமையிலேயே கைம்பெண்ணாகி, 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, சென்னையில் பிராமண விதவைகளுக்கு விடுதி தொடங்கியபோது, பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்து மாது அவருக்குத் துணை நின்றார். கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடம் அப்பெண்களின் இல்லமாயிற்று.

பாஸ்டன் பொருள் இல்லையேல் சாரதா சதனம் இல்லை; சாரதா சதனம் இல்லையேல் கார்வே வாழ்க்கைத் துணையைக் கண்டது எங்ஙனம்? பிற நாட்டார் பொருள் ஒரு கதவைத் திறந்தது. அது அடைபடாமல் இருக்க, உள்ளூர் மக்களின் நம்பிக்கை தேவைப்பட்டது. உதவி அளிப்போர் தம் நோக்கத்தை ஒளியாது கூறுதலும், பெறுவோர் கணக்கையும் விதியையும் தம் ஊராருக்கு விளக்குதலும் இன்றியமையாதன. இவ்விரண்டினும் முதன்மையாக, யாருக்காக இல்லம் அமைந்ததோ அப்பெண்ணின் விருப்பம் என்ன என்று அவளையே கேட்டல் வேண்டும். 1893-இல் புனாவில் எழுந்த ஆரவாரத்தில் அவ்வொரு கேள்வி மட்டும் கேட்கப்படாமற் போயிற்று. சமூகத் தொண்டு செய்வோர் எந்த நாட்டினராயினும், இன்றும் அதனைக் கேட்டே தொடங்குதல் தகும்.