தர்மம் பண்ண ஒரு நாள் போதுமா?

யூதர்கள்னு சொன்னதும் நமக்குச் சட்டுனு ஞாபகம் வர்றது ஹிட்லர், இல்லேன்னா இஸ்ரேல். அவங்க ஜெபக்கூடத்துல, அவங்க தெருவுல அன்றாடம் என்ன நடக்குதுன்னு நாம அதிகம் பேசினதில்லை. அதனால இன்னிக்கு 'மிட்ஸ்வா தினம்' பத்திப் பார்க்கலாம்.

மிட்ஸ்வான்னா கட்டளைன்னு அர்த்தம். பேச்சு வழக்குல நல்ல காரியம். வருஷத்துல ஒரு நாள் ஜெபக்கூடத்துக்காரங்க குடும்பம் குடும்பமா கிளம்பி, அக்கம்பக்கத்துல கஷ்டப்படறவங்களுக்கு உழைப்பாங்க. வீடில்லாதவங்களுக்குச் சமையல், முதியோர் இல்லத்துல பேச்சுத்துணை, பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட், இந்த மாதிரி. 1999-ல் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஜெபக்கூடம் நடத்தின மிட்ஸ்வா தினம்தான் வளர்ந்து, எல்லா மதத்துக்காரங்களும் சேர்ற 'பிக் சண்டே' ஆச்சு. பிரிட்டன்ல 2005-ல் லாரா மார்க்ஸ் என்பவர் இதை ஆரம்பிச்சு வச்சார். அங்கே முக்கியமான விதி: பணம் வேண்டாம், உங்க நேரத்தைக் கொடுங்க.

"ஒரு நாள் போய் பெயிண்ட் அடிச்சுட்டு வந்தா ஆச்சா? மிச்சம் 364 நாள்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

யூதர்கள் தர்மத்துக்கு 'ட்ஸெடாக்கா'ன்னு சொல்றாங்க. அதோட வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் நீதி. நம்ம 'தர்மம்' கூட அப்படித்தானே? பிச்சை போடறதும் தர்மம், நியாயமும் தர்மம்! ஊருக்கு ஊர் பொது உண்டியல் வச்சு வாராவாரம் ஏழைகளுக்குப் பங்கு கொடுத்தாங்க. பிற மதத்து ஏழைகளையும் சேர்த்தே கவனிக்கணும், ஊர்ல சமாதானம் நிலைக்க அதுதான் வழின்னு தால்முத் சொல்லுது.

12-ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த மைமோனிடிஸ் தர்மத்துக்கு எட்டுப் படி வகுத்தார். உச்சப்படி எது தெரியுமா? கடன், கூட்டு வியாபாரம், வேலைன்னு ஏதாவது செஞ்சு, ஒருத்தர் இனிமே கையேந்தவே தேவையில்லாம பண்றது. அதுக்கு அடுத்தது, கொடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாம கொடுக்கறது. வாங்கறவன் கூனிக்குறுகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா ஆளே தெரியலைன்னா அவன் கஷ்டம் எப்படித் தெரியும்? இங்கேதான் நியூயார்க் கதை வருது.

1880-கள்ல இருந்து ரஷ்யா, போலந்துப் பக்கத்து யூதர்கள் லட்சக்கணக்குல அமெரிக்கா வந்து இறங்கினாங்க. நியூயார்க்கோட கீழ்க்கிழக்குப் பகுதியில, காத்தும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகள்ல அடைஞ்சு கிடந்தாங்க. முன்னாடியே வந்து வசதியா ஆயிட்ட ஜெர்மானிய யூதர்களுக்கு இவங்க பேச்சும் உடுப்பும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது. அந்த வசதியானவங்களோட ஜெபக்கூடம் 'டெம்பிள் இமானுவேல்'. அதோட ரப்பி குஸ்டவ் கோட்ஹைல், 1880-களோட கடைசியில பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பிச்சார். பேரு 'நேரடித் தொண்டுச் சகோதரிகள்'. செக் எழுதிக் கொடுத்தா போதாது, ஏழை வீட்டுப் படியேறிப் போகணும். மத்த ஜெபக்கூடங்களும் சீக்கிரமே இதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அந்தச் சங்கத்துக்குப் பின்னாடி தலைவியானவர் ஹன்னா ஐன்ஸ்டைன் (1862-1929). படியேறிப் போன இடத்துல அவர் பார்த்தது இதுதான்: புருஷன் செத்துட்டா, பெத்தவ உயிரோட இருக்கும்போதே பிள்ளைங்க அநாதை விடுதிக்குப் போகுது. காரணம் வறுமை ஒண்ணுதான். விடுதிக்குச் செலவழிக்கற காசை அம்மா கையில கொடுத்தா பிள்ளைங்க வீட்டுலயே வளருமே!

அவர் இதை அரசாங்கத்தோட கடமையாக்கணும்னு போராடினார். எதிர்த்தது யாரு? பெரிய பெரிய தர்ம ஸ்தாபனங்களே! அரசாங்கப் பணம்னா அரசியல் புகுந்துடும், வாங்கறவங்க அதையே நம்பிக் கிடப்பாங்கன்னு வாதம். கடைசியில 1915-ல் நியூயார்க் மாநிலத்துல சட்டம் வந்தது. விதவைத் தாய்மார்களுக்குப் பொதுப்பணத்துல இருந்து உதவித்தொகை. புருஷன் விட்டுட்டு ஓடின பெண்களுக்குக் கிடையாது, அது பெரிய குறைதான். ஆனாலும் இதே மாதிரிச் சட்டங்கள் பல மாநிலங்கள்ல வந்து, 1935-ல் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கான உதவித் திட்டமா ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. மைமோனிடிஸ் சொன்ன மாதிரி, இங்கேயும் கொடுக்கறவருக்கு வாங்கறவரைத் தெரியாது. ஆனா அந்த இடத்துக்கு வந்து சேர, முதல்ல யாரோ ஒருத்தர் நேர்ல போய் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதனால ஒரு நாள் போதுமான்னு கேட்டா, போதாதுதான். ஒரு நாள் சமைச்சுப் போட்டா மறுநாள் பசி போயிடாது. ஆனா அந்த ஒரு நாள்ல பக்கத்துத் தெருக்காரர் எப்படி வாழறார்னு கண்ணால பார்த்துட்டு, "இது ஏன் இப்படி இருக்கு?"ன்னு பத்துப் பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போயும் யோசிச்சா, அங்கே ஒரு ஹன்னா கிடைக்கலாம். போட்டோ எடுத்துக்கிட்டு அப்படியே மறந்துட்டா, பெயிண்ட் மட்டும்தான் மிச்சம் :-)