விரிசலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருபவர்கள் விமானத்தின் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். (விழும், சந்தேகமே வேண்டாம்.) சிவில் படித்துவிட்ட என்னைப் போன்றவர்களின் கண் மட்டும் விரிசலைத் தேடும். மலர்க் குழுவினர் சரித்திரக் கட்டுரை கேட்டதால், விரிசலின் சரித்திரத்தையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய காளஹஸ்தி ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இரவு எட்டு மணி வாக்கில் சரிந்தது. அதிலிருந்த செங்குத்து விரிசல் ஊருக்கே தெரிந்த விஷயம். கடைசி நாட்களில் அது அகலமானதைப் பார்த்து ஆட்களை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. இப்போது நிற்பது 2017-ல் குடமுழுக்கு கண்ட புதுக் கோபுரம்.

"ஆந்திரா சமாச்சாரம், நமக்கென்ன சார்?" என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்துக் கிழக்குக் கோபுரத்தின் கீழ்நிலைப் பகுதி ஒன்று பின்னிரவில் இடிந்து விழுந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், தப்பித்தோம். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் கோபுரங்களும் இதே ரகம்தான். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். நடுவில் வாசல் இருப்பதால் பாரம் இரண்டு பக்கமாகப் பிரிந்து இறங்குகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினால் நடுவில் பிளக்கும். 1010-ல் முடிந்த பெரிய கோயில் விமானத்தின் கதை வேறு. சுமார் 216 அடியும் கருங்கல், அடிப்பாகம் சுமார் 100 அடி சதுரம், ஊடே போகும் வாசல் கிடையாது. தஞ்சை நகரமும் வண்டல் முடிந்து வல்லம் மேட்டு நிலம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ராஜராஜன் மண் பார்த்துத்தான் இடம் பிடித்தான் என்பது என் அபிப்பிராயம்.

டெல்டாவுக்குள் போகப் போகக் களிமண். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தண்ணீர் ஓடும்போது மண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வயலில் நாம் தாண்டிக் குதித்த அதே வெடிப்புதான். மேலே நிற்கும் சுவரும் அதற்கேற்ப அசையும். ஐப்பசியில் அளந்த விரிசல் சித்திரையில் வேறு அளவு காட்டும். ஒரு தடவை அளந்துவிட்டுப் பயப்படுவதும் வீண், நிம்மதியாவதும் வீண். குறைந்தது ஒரு முழு வருடம் அளந்தால்தான் போய்த் திரும்பும் அசைவு எது, திரும்பாமல் போய்க்கொண்டே இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஆபத்து இரண்டாவதில் இருக்கிறது.

இத்தாலியில் பாவியா நகரக் கோபுரம் 1989 மார்ச் 17-ல் விழுந்து 4 பேர் இறந்தார்கள். பூகம்பம் எதுவும் இல்லை. நூற்றாண்டுகளாகச் சுமந்த பாரத்திலேயே கட்டுமானம் மெல்ல மெல்லத் தளர்ந்துபோனது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பயத்தில்தான் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடினார்கள். சாயாத பக்கத்து அடிமண்ணைக் கொஞ்சம் எடுப்பது, அளவு பார்ப்பது, மறுபடி கொஞ்சம் எடுப்பது என்று சுமார் அரை டிகிரி நிமிர்த்தி, 2001 டிசம்பரில் திறந்தார்கள்.

நம் பெரியவர்கள் செய்த ஏற்பாடு 12 வருடத்துக்கு ஒரு குடமுழுக்கு. சாரம் கட்டினால் உச்சி வரை ஆள் ஏறும், அரசங்கன்றைப் பிடுங்கும், காரை போன இடத்தைத் தட்டிப் பார்க்கும். பெரிய கோயிலில் 1997-க்குப் பிறகு 2020-ல்தான் குடமுழுக்கு. தொல்லியல் துறை இடையில் பராமரித்தது என்றாலும் 23 வருடம் நீண்ட காலம்தான்.

டெல்டாவில் ஒரு கோயிலில் (பெயர் வேண்டாம்) விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு உடைந்து கிடந்ததைப் பார்த்தேன். கண்ணாடி தன் வேலையைச் செய்துவிட்டது. எப்போது ஒட்டினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு தேதி எழுதியிருந்தால், நகர்ந்தது பத்து மாதத்திலா பத்து வருடத்திலா என்று சொல்லியிருக்கலாம்.

இன்று சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். அனுமதி வாங்கிக்கொண்டு நம்மூர்க் கோபுரம் ஒன்றில் கண்ணாடித் துண்டு, தூக்குக்குண்டு, நோட்டுப் புத்தகத்தோடு ஆரம்பிக்கலாம். நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, மணி, வெயிலின் அளவு, விரிசலின் அளவு, அளந்தவர் பெயர். நீங்கள் பாஸாகிப் போகும்போது நோட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.