மாநகரங்களின் கூட்டணியும் பேரூராட்சிகளின் இடமும்: காலநிலை மாற்றத்தில் உள்ளாட்சிகளின் பன்னாட்டு ஒத்துழைப்பு – கானாடுகாத்தானை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

காலநிலைப் பேச்சு நாடுகளுக்கு இடையே நடப்பது என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1990 முதல் உள்ளாட்சிகளும் இதற்காக எல்லை தாண்டிக் கைகோத்து வருகின்றன. இந்த ஒத்துழைப்பு எப்படி வளர்ந்தது, தமிழகத்தில் யாரிடம் வந்து நின்றது, சிவகங்கை மாவட்டக் கானாடுகாத்தான் போன்ற பேரூராட்சிகளுக்கு அதில் இடம் உண்டா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. புகையை அளப்பதில் தொடங்கிய கூட்டணி, புகை மிகுந்த ஊர்களையே முதலில் தேடியது என்பது இதன் வாதம்.

கணக்கெடுப்பில் பிறந்த கூட்டணி

உள்ளாட்சிகளின் பன்னாட்டு ஒன்றியம் 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அமைந்தது. நிர்வாக அனுபவத்தைப் பகிர்வதே அதன் முதன்மைப் பணி. காலநிலைக்கான திருப்பம் பின்னர் வந்தது. 1990 செப்டம்பரில் நியூயார்க்கின் ஐ.நா. தலைமையகத்தில், 43 நாடுகளின் 200-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் கூடிய மாநாட்டில், உள்ளாட்சிகளின் சுற்றுச்சூழல் அமைப்பான 'இக்லி' உருவானது. 1992-இல் ரியோ மாநாடு ஏற்ற 'அஜெண்டா 21' அறிக்கையின் 28-ஆம் இயல், மக்களைக் கலந்து தத்தம் ஊருக்கான திட்டம் வகுக்க உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

1993-இல் இக்லி தொடங்கிய காலநிலைப் பாதுகாப்பு இயக்கம் ஐந்து படிகளை வகுத்தது: உமிழ்வைக் கணக்கிடு, இலக்கு வை, திட்டமிடு, செயல்படுத்து, கண்காணி. பின்வந்த கூட்டணிகள் பலவற்றிலும் இதே வரிசையைக் காணலாம். முதல் படியே உமிழ்வுக் கணக்கு என்பதால், ஆலையும் வாகனமும் குப்பைமேடும் மிகுந்த நகரங்களுக்கு அது இயல்பாகப் பொருந்தியது.

மேயர்களின் காலம்

உமிழ்வைக் குறைக்கும் கியோட்டோ உடன்பாட்டை அமெரிக்கா கைவிட்டிருந்த நிலையில், அதன் இலக்கைத் தம் நகரங்களில் எட்டுவோம் என்று 2005-இல் சியாட்டில் மேயர் சக மேயர்களைத் திரட்டினார். அதே ஆண்டு லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் 18 பெருநகரங்களை அழைத்துக் கூட்டியதே பிறகு 'சி-40' என்ற காலநிலைக் கூட்டணி ஆனது. 2015 பாரிஸ் உடன்படிக்கை தன் முகவுரையில் எல்லா நிலை அரசுகளின் பங்கையும் குறிப்பிட்டது. 2023 துபாய் மாநாட்டில், தேசியக் காலநிலைத் திட்டங்களை வகுக்கும்போது உள்ளாட்சிகளையும் சேர்த்துக்கொள்வதாகப் பல நாடுகள் உறுதியளித்தன.

தமிழகத்தில்

74-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்த 12-ஆம் அட்டவணை, சுற்றுச்சூழல் பாதுகாப்பை நகர்ப்புற உள்ளாட்சிக்கு அளிக்கத்தக்க பொறுப்புகளில் ஒன்றாக வைத்தது. ஆனால் வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், எந்த உள்ளாட்சியும் தானாகப் பிற நாட்டுடன் ஒப்பந்தம் செய்ய இயலாது. எனவே உறவு, பன்னாட்டு அமைப்புகள் வழியாகவே வந்தது. சி-40 உறுப்பினரான சென்னை, 2023-இல் தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. நாட்டின் நிகரச் சுழிய உமிழ்வு இலக்கு 2070. சென்னையின் இலக்கு 2050. சுவிட்சர்லாந்து அரசின் ஆதரவில் இக்லி நடத்திய 'கேப்பாசிட்டீஸ்' என்ற நகரக் காலநிலைத் திட்டத்தில் முதலில் கோவையும், அடுத்த கட்டத்தில் திருச்சி, திருநெல்வேலி, திருப்பூரும் இடம்பெற்றன. நான்குமே மாநகராட்சிகள்.

கானாடுகாத்தான் காட்டும் இடைவெளி

கானாடுகாத்தானில் கணக்கிடும் அளவுக்குப் புகை இல்லை. இங்கே காலநிலைச் சிக்கல் என்றால் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட பூமி இது. அதற்கேற்பவே இவ்வூர் வணிகச் சமூகமான நகரத்தார் வீடு கட்டினார்கள். நாட்டு ஓட்டுச் சரிவுகளில் விழும் மழை வளவின் முற்றத்தில் இறங்கும். அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியே வெளியேறும். தெருக்களின் சரிவு மழைநீரை ஊருணிக்குக் கொண்டுசேர்க்கும். இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஓடு சரிவதும், வரத்துக்கால்கள் தூர்வதும், ஆக்கிரமிக்கப்படுவதும் இந்த அமைப்பையே குலைக்கின்றன. இக்லியின் ஐந்து படிகளில் முதல் படி கேட்பது உமிழ்வுக் கணக்கை. ஊருணியின் கொள்ளளவை அது கேட்பதில்லை.

கானாடுகாத்தான் அடங்கிய செட்டிநாட்டுக்குக் கிடைத்த பன்னாட்டுக் கவனம் மரபுரிமை வழியாக வந்தது. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோது, அது தனி ஊராக அல்ல, ஊர்த்தொகுதிகளாகவே முன்வைக்கப்பட்டது.

அந்தத் தொகுதி முறைக்குக் காலநிலை ஒத்துழைப்பிலும் முன்மாதிரி உண்டு. 2008-இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய மேயர்கள் உடன்படிக்கையில் சிற்றூர்கள் ஏராளம். திட்டம் தீட்ட ஆளும் பணமும் இல்லாத ஊர்கள் கூட்டாக ஒரே செயல்திட்டம் தரலாம். மாகாண நிர்வாகம் ஒருங்கிணைப்பாளராக நிற்கும். பார்சிலோனா மாகாண நிர்வாகம் இப்படித் தன் நகராட்சிகளுக்குத் துணைநின்றது.

முடிவு

தமிழகத்தில் இந்தக் கூட்டு முறைக்கான நிர்வாக அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கங்களுக்கு ஆட்சியர்களே தலைமை வகிக்கின்றனர். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற அண்டைப் பேரூராட்சிகள் கூட்டாக ஒரு திட்டம் வகுத்து, ஆட்சியரின் ஒருங்கிணைப்பில் பன்னாட்டு அமைப்புகளை அணுக இது வழிவிடும். அத்திட்டத்தின் முதல் கணக்கு ஊருணிகள், வரத்துக்கால்கள், கூரைப் பரப்பு ஆகியவற்றின் கணக்காக இருக்க வேண்டும். அதைத் தன் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏற்றுக்கொள்ளும்வரை உள்ளாட்சிகளின் உலகக் கூட்டணி, நடைமுறையில் மாநகரங்களின் கூட்டணியாகவே நீடிக்கும்.