சிலி மாணவர் போராட்டங்கள்

சிலி மாணவர் போராட்டங்கள் என்பன தென் அமெரிக்க நாடான சிலியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பள்ளி, பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்று நடத்திவரும் கிளர்ச்சிகளைக் குறிக்கும். கல்வி உரிமை, பேருந்துக் கட்டணம், உணவு விலை, ஓய்வூதியம் எனக் கோரிக்கைகள் காலத்துக்குக் காலம் மாறினாலும், பொருளாதார ஏற்றத்தாழ்வே இவற்றின் அடிநாதம். இக்கால இளைஞர் அரசியலில் ஈடுபாடற்றவர்கள், வருவாய் இடைவெளி போன்ற பொதுக் காரணங்களுக்காகத் தெருவில் இறங்கமாட்டார்கள் என்ற கருத்துக்கு மறுப்பாகச் சிலி அடிக்கடி காட்டப்படுகிறது. 2006, 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் எழுச்சிகள் உலகின் கவனத்தை ஈர்த்தவை.

தோற்றம்

சிலி பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு 1906-இல் சாந்தியாகோ நகரில் தொடங்கப்பட்டது. அதன் பிறப்புக்கு ஓர் அவமதிப்பே காரணம். வல்பரைசோ துறைமுக நகரில் பெரியம்மை பரவியபோது மருத்துவ மாணவர்கள் தாமாக முன்வந்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்தனர். அவர்களைப் பாராட்ட 1906-இல் சாந்தியாகோ நகராட்சி நாடக அரங்கில் அரசு விழா எடுத்தது. நல்ல இருக்கைகளெல்லாம் அமைச்சர்களுக்கும் செல்வர் வீட்டாருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. யாருக்காக விழாவோ அந்த மாணவர்களின் குடும்பத்தார் மேல்மாடியின் மலிவு இருக்கைகளுக்கு அனுப்பப்பட்டனர். மேலிருந்து எழுந்த கூச்சலில் விழா குலைந்தது. அடுத்த சில வாரங்களில் கூட்டமைப்பு உருவானது.

தொடக்கத்தில் விருந்து, விளையாட்டு, வசந்த விழா என்றிருந்த கூட்டமைப்பு முதல் உலகப் போரின் முடிவில் தொழிலாளர் பக்கம் திரும்பியது. செயற்கை வெடியுப்பு சந்தைக்கு வந்ததால் சிலியின் வடபகுதிச் சுரங்கங்கள் மூடப்பட்டு, வேலையிழந்த குடும்பங்கள் தலைநகரில் குவிந்தன. உணவு விலை ஏறியது. 1918-இல் தொழிற்சங்கங்கள் உணவுக்கான பேரவை ஒன்றை அமைத்துப் பசிப் பேரணிகளை நடத்தியபோது மாணவர் கூட்டமைப்பும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு தொழிலாளருக்கு இரவு நேரத்தில் பாடம் சொல்லித்தர லஸ்தாரியா மக்கள் பல்கலைக்கழகத்தை மாணவர்கள் தொடங்கினர். மாணவரும் தொழிலாளரும் ஒரே கோரிக்கையில் நிற்கும் மரபு இங்கிருந்து தொடங்குகிறது.

1920-ஆம் ஆண்டுத் தாக்குதல்

1920 ஜூலையில் போர் அமைச்சர் லதிஸ்லாவோ எர்ராசுரிஸ், பெரு, பொலிவியா நாடுகளால் ஆபத்து என்று கூறிப் படைகளை வட எல்லைக்கு அனுப்பினார். தேர்தல் தோல்வியை மறைக்கவே இந்தப் போர்ப் பூச்சாண்டி காட்டப்பட்டதாகப் பலரும் கருதினர். படைதிரட்டலுக்கான காரணத்தைக் கேட்ட மாணவர் கூட்டமைப்பு, பெருவிடம் பொன் வாங்கிய துரோகக் கும்பல் என்று தூற்றப்பட்டது. ஜூலை 21 அன்று செல்வர் வீட்டு இளைஞர்கள் அடங்கிய ஒரு கூட்டம் அதன் அலுவலகத்தைச் சூறையாடியது. நூலகத்துப் புத்தகங்கள் தெருவில் கொளுத்தப்பட்டன. தாக்கியவர்களை விட்டுவிட்டு, தாக்கப்பட்டவர்களைக் காவல்துறை கைது செய்தது.

கைதானவர்களுள் ஒருவர் கவிஞர் ஹொசே தொமிங்கோ கோமஸ் ரோகாஸ். சிறைக் கொடுமையில் மனநிலை குலைந்து, 1920 செப்டம்பர் 29 அன்று மனநோய் விடுதியில் இறந்தார். வயது 24. அவரது இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அந்த அக்டோபரிலேயே 'கிளாரிதாத்' என்ற இதழைக் கூட்டமைப்பு வெளியிடத் தொடங்கியது. தமிழ் வாசகர் நன்கறிந்த பாப்லோ நெருடா 1921-இல் சாந்தியாகோவுக்குப் படிக்க வந்து இவ்விதழில் எழுதினார். அவரது முதல் கவிதைத் தொகுப்பு 1923-இல் அதன் பதிப்பகத்தின் வழியாகவே வெளிவந்தது.

1931-ஆம் ஆண்டு எழுச்சி

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மிகக் கடுமையாக அடிபட்ட நாடு சிலி என்று உலக நாடுகள் சங்கத்தின் அறிக்கை குறித்தது. வெடியுப்பு, தாமிர ஏற்றுமதி சரிந்து, அரசு ஊழியர் சம்பளம் நின்றது. 1931 ஜூலையில் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்தைக் கைப்பற்றி உள்ளிருந்தனர். ஓர் இளம் மருத்துவரும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டதும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜூலை 26 அன்று அதிபர் கார்லோஸ் இபான்யெஸ் பதவி விலகினார்.

கட்டணக் கிளர்ச்சிகள்

பேருந்துக் கட்டணம் சிலி மாணவர் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பொருளாகும். 1949 ஆகஸ்டில் சாந்தியாகோ பேருந்துகளில் 20 சென்டாவோ கூட்டப்பட்டது. மாணவர்கள் பேருந்துகளை மறித்தனர். மறுநாளே தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். அந்த 20 சென்டாவோ காசின் வழக்குப் பெயராலேயே இக்கிளர்ச்சி வரலாற்றில் வழங்கப்படுகிறது.

1957-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி இதைவிடக் கடுமையானது. மீண்டும் அதிபராகியிருந்த இபான்யெஸ், விலையேற்றத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்றின் சிக்கனத் திட்டத்தை ஏற்றார். கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் கட்டணம் மட்டும் ஏறியது. மார்ச் இறுதியில் வல்பரைசோவில் மூண்ட போராட்டம் தலைநகருக்குப் பரவியது. ஒரு மாணவி சுடப்பட்டு இறந்த மறுநாளான ஏப்ரல் 2 அன்று நகர மையத்துக்குள் குடிசைப் பகுதி மக்கள் திரண்டு வந்தனர். தெருவிளக்குகளும் கடைக் கண்ணாடிகளும் நொறுங்கின. இராணுவம் இறக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். மாணவர் தொடங்குவதும் ஏழை மக்கள் தொடர்வதுமான இந்த ஒழுங்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் அச்சு மாறாமல் மீண்டும் காணப்பட்டது.

சர்வாதிகாரமும் கல்விச் சந்தையும்

1973 செப்டம்பர் 11 அன்று இராணுவத் தளபதி அகுஸ்தோ பினோசே ஆட்சியைக் கைப்பற்றினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பொருளியலாளர் குழு அவரது கொள்கையை வகுத்தது. 1980-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1981 முதல் அரசுப் பள்ளிகள் நகராட்சிகளின் பொறுப்பில் தள்ளப்பட்டன. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மானியம் நகராட்சிப் பள்ளிக்கும் உதவிபெறும் தனியார் பள்ளிக்கும் ஒரே மாதிரி வழங்கப்பட்டது. 1993-இல், மக்களாட்சி திரும்பிய பின், உதவிபெறும் பள்ளிகள் பெற்றோரிடமும் கட்டணம் வாங்கலாம் என்றானது. இதனால் ஏழைப் பிள்ளை நகராட்சிப் பள்ளியிலும், நடுத்தர வீட்டுப் பிள்ளை உதவிபெறும் பள்ளியிலும், செல்வர் பிள்ளை முழுக் கட்டணப் பள்ளியிலும் படிக்கும் மூவடுக்கு முறை இறுகியது.

உயர்கல்வியிலும் இதே கதைதான். பல்கலைக்கழகம் இலாபம் ஈட்டக்கூடாது என்று சட்டம் சொன்னது. எனவே சில உரிமையாளர்கள் தனியே ஒரு நில நிறுவனத்தைத் தொடங்கி, அதன் கட்டடத்தைத் தம் பல்கலைக்கழகத்துக்கே வாடகைக்கு விட்டனர். மாணவர் கட்டிய பணம் வாடகையாக வெளியேறி இலாபமாக அவர்களிடமே திரும்பியது. 2005-இல் அரசு உத்தரவாதத்துடன் வங்கிகள் வழங்கும் கல்விக் கடன் சட்டமாயிற்று. வட்டி 6 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மாணவர் கட்டத் தவறினால் பெரும்பகுதிக்கு அரசு பொறுப்பேற்கும், வங்கிக்கு நட்டம் குறைவு.

2006: பள்ளி மாணவர் எழுச்சி

கருநீல மேற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் சீருடையாக அணிவதால் சிலியின் பள்ளி மாணவர்கள் பென்குயின்கள் எனப்படுகின்றனர். 2001-இலேயே பஸ் பாஸ் தொடர்பாக அவர்கள் ஒருமுறை தெருவில் இறங்கியிருந்தனர். 2006-இல் மிச்செல் பாச்செலெட் அதிபராகப் பதவியேற்ற சில வாரங்களில், பழைய நிலக்கரி நகரமான லோத்தாவில் மழைநீர் ஒழுகும் பள்ளியின் மாணவர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக் கட்டணம் 28,000 பெசோவாக உயர்ந்ததும், பஸ் பாஸில் நாளுக்கு இரண்டே பயணம் என்ற திட்டமும் கோபத்தை நாடெங்கும் பரப்பின. மே 30 அன்று நடந்த தேசிய வேலைநிறுத்தத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டனர்.

அரசு பணிந்தது. பெரும்பான்மை மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் விலக்கப்பட்டது. பாஸ் நாள் முழுதும் செல்லும் என்றானது. கல்வி அமைச்சர் மாற்றப்பட்டார். பினோசே பதவி விலகுவதற்கு முதல் நாள், 1990 மார்ச் 10 அன்று வெளியான கல்விச் சட்டத்தின் இடத்தில் 2009-இல் புதுச் சட்டம் வந்தது. அதற்கான உடன்பாட்டை ஆளுங்கட்சித் தலைவர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் கைகோத்து உயர்த்திக் கொண்டாடிய படம் 2007-இல் வெளியானபோது, தெருவில் நின்றவர் எவரும் அதில் இல்லை. மூவடுக்கு முறை அப்படியே இருந்தது.

2011: பல்கலைக்கழக மாணவர் எழுச்சி

பென்குயின் தலைமுறை பல்கலைக்கழகத்தை அடைந்ததும் அடுத்த எழுச்சி வந்தது. கமீலா வயேகோ, ஜியோர்ஜியோ ஜாக்சன் ஆகியோர் அதன் முகங்களாயினர். இலவசக் கல்வி, இலாபத்துக்கு முடிவு என்பன கோரிக்கைகள். கல்வியும் ஒரு நுகர்பொருளே என்ற பொருளில் அதிபர் செபஸ்தியான் பினேரா பேசியது எரியும் தீயில் எண்ணெய் வார்த்தது.

போராட்ட முறைகள் புதுமையானவை. ஜூன் 24 அன்று ஆயிரக்கணக்கானோர் பிணவேடமிட்டு, மைக்கேல் ஜாக்சன் பாடலுக்கு அதிபர் மாளிகையான லா மொனேதா முன் ஆடினர். மூன்று லட்சம் மாணவருக்கு இலவசக் கல்வி தர ஆண்டுக்கு 180 கோடி (1,800 மில்லியன்) டாலர் தேவை என்று கணக்கிட்டு, அதை உணர்த்த மாளிகையைச் சுற்றி 1,800 மணி நேரம் மாறிமாறி ஓடினர். ஆகஸ்ட் 4 அன்று ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்து 874 பேரைக் காவல்துறை பிடித்தது. அன்றிரவு சாந்தியாகோ முழுதும் வீட்டு மாடிகளில் பாத்திரம் தட்டும் ஓசை எழுந்தது. பினோசே காலத்தில் அதே ஓசையை எழுப்பிய பெற்றோர் இப்போது பிள்ளைகளுக்காகத் தட்டினர்.

கல்விக் கடன் வட்டி 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வயேகோ, ஜாக்சன், கரோல் கரியோலா, காப்ரியேல் போரிச் ஆகிய நான்கு மாணவர் தலைவர்கள் 2013 தேர்தலில் நாடாளுமன்றம் சென்றனர். 2016 முதல் வருவாயில் கீழ்ப்பாதிக் குடும்பங்களின் மாணவருக்கு, திட்டத்தில் இணைந்த நிறுவனங்களில், கட்டணமில்லாக் கல்வி கிடைத்தது.

2019: சமூக வெடிப்பு

2019 அக்டோபரில் சாந்தியாகோ மெட்ரோவின் உச்சநேரக் கட்டணம் 30 பெசோ உயர்ந்து 830 பெசோ ஆனது. மாணவர் கட்டணம் உயர்த்தப்படவில்லை. ஆயினும் முதலில் எழுந்தவர்கள் பள்ளி மாணவர்களே. நுழைவுத் தடுப்புகளைத் தாண்டிக் குதித்து, டிக்கெட் இல்லாமல் கூட்டமாக ரயில் ஏறினர். உயர்ந்த கட்டணம் அவர்களின் தாய் தந்தையருடையது. அதிகாலையில் எழுந்து சென்றால் குறைந்த கட்டணத்தில் பயணிக்கலாம் என்று பொருளாதார அமைச்சர் கூறியது, விடியுமுன்பே வேலைக்குக் கிளம்பும் வீடுகளைப் புண்படுத்தியது.

அக்டோபர் 18 இரவு மெட்ரோ நிலையங்கள் எரிந்தன. எழுபதுக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. நாடு போரில் இருப்பதாக அதிபர் பினேரா அறிவித்தார். பிரச்சினை 30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள் என்பது மக்களின் முழக்கமாயிற்று. அக்டோபர் 25 அன்று சாந்தியாகோவில் மட்டும் சுமார் 12 லட்சம் பேர் கூடினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காவல்துறை சுட்ட குண்டுகளாலும் புகைக் குப்பிகளாலும் நானூறுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தனர். நவம்பர் 15 அன்று புதிய அரசியலமைப்புக்கான பொதுவாக்கெடுப்புக்குக் கட்சிகள் உடன்பட்டன. 2020 ஜனவரியில் நுழைவுத்தேர்வையே மாணவர்கள் புறக்கணித்ததால் வரலாற்றுத் தேர்வு கைவிடப்பட்டது.

போராட்ட வகைகள்

சிலி மாணவர் போராட்டங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. வகுப்புப் புறக்கணிப்பு: வாக்கெடுப்பு நடத்தித் தொடங்கப்படுவது.
2. உள்ளிருப்பு: கட்டடத்தைக் கைப்பற்றி, நாற்காலிகளின் கால்கள் வெளியே நீட்டியிருக்குமாறு கம்பிக் கதவில் கட்டிவைப்பது அடையாளம். உள்ளே சமையல், காவல், துப்புரவு ஆகியவற்றுக்கு முறை வைத்துக்கொள்வர்.
3. ஊர்வலம்: சாந்தியாகோவின் அலமேதா பெருஞ்சாலையில் நடப்பது.
4. கட்டண மறுப்பு: 2019-இல் நிகழ்ந்தது.
5. கலை வடிவம்: நடனம், ஓட்டம், வேடம் முதலியன.

பாத்திரம் தட்டுவது மாணவர் வடிவமன்று. வீட்டிலிருப்போர் ஆதரவு காட்டும் வழி.

இளைஞர் பங்கேற்பின் காரணங்கள்

பழைய சட்டப்படி வாக்காளராகப் பதிவது விருப்பமாக இருந்தது. பதிந்தபின் வாக்களிப்பது கட்டாயமாக இருந்தது. இளைஞர் பலர் பதியாமலே இருந்தனர். இதை அக்கறையின்மை என்று எழுதியோர் தவறினர். வாக்குச்சாவடிக்கு வராத அதே தலைமுறைதான் 2006-இலும் 2011-இலும் தெருவை நிரப்பியது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தோர் அவர்களில் மிகுதி; பட்டத்தோடு கடனையும் சுமந்தவர்கள். வறுமை குறைந்துவந்த ஆண்டுகளில்தான் இந்த எழுச்சிகள் நிகழ்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஏற்றத்தாழ்வு புள்ளிவிவரமாக இருக்கும்வரை இளைஞர் அசைவதில்லை. கட்டணச் சீட்டாகவும் கடன் தவணையாகவும் வீட்டுக்குள் வரும்போது எழுகின்றனர்.

இன்றைய நிலை

காப்ரியேல் போரிச் 2021 டிசம்பரில் தம் 35-ஆம் வயதில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயேகோவும் ஜாக்சனும் அமைச்சர்களாயினர். புதிய அரசியலமைப்பு வரைவுகள் 2022-இலும் 2023-இலும் வாக்கெடுப்பில் தோற்றன. 2025 டிசம்பர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் ஹொசே அந்தோனியோ காஸ்ட் வென்றார். பினோசே காலத்து 1980 அரசியலமைப்பே பல திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது.