ஃபெர்மி ஆய்வகத்தில் சமூக, பண்பாட்டு நிகழ்வுகள்

ஃபெர்மி தேசிய முடுக்கி ஆய்வகம் (சுருக்கமாக ஃபெர்மிலேப்) அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் படேவியா என்னும் ஊரை ஒட்டி அமைந்துள்ள துகள் இயற்பியல் ஆய்வகம். 1967-ல் தேசிய முடுக்கி ஆய்வகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1974-ல் இத்தாலியில் பிறந்த இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயர் சூட்டப்பட்டது. அடி குவார்க், உச்சி குவார்க், டௌ நியூட்ரினோ ஆகிய அடிப்படைத் துகள்கள் கண்டறியப்பட்ட இடம் இது. இசை நிகழ்ச்சிகள், ஓவியக் கண்காட்சிகள், நாட்டுப்புற நடனங்கள், விதை சேகரிப்பு, மாணவர் வகுப்புகள் எனப் பொதுமக்களும் பங்கேற்கும் நிகழ்வுகளாலும் இவ்வாய்வகம் அறியப்படுகிறது. இம்மரபு உருவானதற்கு ஆய்வகம் தோன்றிய சூழலும், அதன் முதல் இயக்குநர் ராபர்ட் வில்சனின் கொள்கைகளும் காரணங்கள்.

நிலமும் எதிர்ப்பும்

அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1966 டிசம்பரில் புதிய முடுக்கிக்கு வெஸ்டன் என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. இல்லினாய் மாநில அரசு சுமார் 6,800 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி ஒன்றிய அரசுக்கு வழங்கியது. வெஸ்டன் ஊரும், ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளும் இந்நிலத்துக்குள் அடங்கின. பல தலைமுறைகளாக மக்காச்சோளம் பயிரிட்டுவந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. வெஸ்டனில் வாழ்ந்தவர்கள் ஆய்வகத்தால் தங்கள் ஊர் வளரும் என்று நம்பி அதை வரவேற்றிருந்தனர். முடிவில் அந்த ஊரே ஆய்வகத்தின் எல்லைக்குள் மறைந்தது.

இரண்டாவது சிக்கல் இனப்பாகுபாடு. கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லினாயில் இல்லை. அத்தகைய மாநிலத்தில் பொதுப்பணத்தில் ஆய்வகம் கட்டலாகாது என்று குடியுரிமை அமைப்புகள் 1967-ல் போராடின. அமெரிக்க செனட்டில் ஜான் பாஸ்டோரும் இதே காரணத்தைச் சொல்லி நிதி ஒதுக்கீட்டை எதிர்த்தார். ஆய்வகம் கட்டப்படுவதற்கு முன்பே, அது யாருக்கானது என்ற கேள்வி எழுந்துவிட்டது.

வில்சனின் கொள்கை

ராபர்ட் வில்சன் (1914–2000) வயோமிங் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். சிற்பக்கலையிலும் பயிற்சி உள்ளவர். 1967 முதல் 1978 வரை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார்.

வில்சனும் துணை இயக்குநர் எட்வின் கோல்ட்வாசரும் 1968 மார்ச்சில் மனித உரிமைகள் குறித்த கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். தொழில்நுட்ப வசதிக்கும் மனித உரிமைக்கும் இடையே முரண் ஏற்பட்டால் ஆய்வகம் மனித உரிமையின் பக்கமே நிற்கும் என்பது அதன் சாரம். சிகாகோவின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் தொழில்நுட்பப் பயிற்சி பெற்று, ஆய்வகப் பணியில் சேர்ந்தனர்.

1969 ஏப்ரலில் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் வில்சன் சாட்சியமளித்தார். இந்த முடுக்கியால் நாட்டின் பாதுகாப்புக்கு ஏதேனும் பயன் உண்டா என்று பாஸ்டோர் கேட்டார். நேரடிப் பயன் ஏதுமில்லை என்றார் வில்சன். நல்ல ஓவியர்களும் சிற்பிகளும் கவிஞர்களும் நாட்டுக்கு எதைத் தருகிறார்களோ அதையே இதுவும் தரும், நாட்டைக் காப்பதற்கு இது உதவாது, காக்கத் தகுந்த நாடாக அதை ஆக்குவதற்கு உதவும் என்ற பொருளில் பதிலளித்தார். அறிவியலைப் பண்பாட்டின் பகுதியாகக் கண்ட இப்பார்வையே பின்னாளில் ஆய்வக வளாகத்தின் அமைப்பிலும் நிகழ்வுகளிலும் வெளிப்பட்டது.

வளாகமும் கலையும்

ஆய்வகத்தின் மையக் கட்டடம் 16 மாடிகள் கொண்டது. இரு புறமும் வளைந்தெழுந்து உச்சியை நோக்கி நெருங்கும் அதன் வடிவத்துக்கு பிரான்ஸின் போவே தேவாலயம் தூண்டுதல். பின்னர் இதற்கு வில்சன் மண்டபம் என்று பெயரிடப்பட்டது. இதனருகே சுமார் 800 பேர் அமரக்கூடிய அரங்கம் கட்டப்பட்டது. இது இயற்பியலாளர் நார்மன் ராம்சேயின் பெயரால் அழைக்கப்படுகிறது.

பகலில் அறிவியல் கருத்தரங்குகள் நடக்கும் இவ்வரங்கில் 1970-களில் இருந்தே மாலை நேரங்களில் இசை, நடன, நாடக நிகழ்ச்சிகள் நடந்துவந்தன. கட்டணம் செலுத்திச் சுற்றுவட்டார மக்கள் எவரும் காணலாம். மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், பல நாட்டு நாட்டார் இசை ஆகியவை இடம்பெற்றன. பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவுகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. மண்டபத்தின் இரண்டாம் தளத்தில் ஓவியக்கூடம் உள்ளது.

வளாகத்தின் சிற்பங்கள் சிலவற்றை வில்சனே வடிவமைத்தார். குளத்தின் நடுவே நிற்கும் 32 அடி உயர எஃகுத் தூணைத் தன் கையாலேயே பற்றவைத்து உருவாக்க விரும்பினார். தொழிற்சங்க விதிப்படி வெளியாட்கள் அவ்வேலையைச் செய்ய இயலாது. எனவே ஆய்வகத்தின் பற்றவைப்புத் தொழிலாளி ஒருவரிடம் பயில்நராகச் சேர்ந்து வேலையை முடித்தார். நுழைவாயிலில் நிற்கும் ‘உடைந்த சமச்சீர்’ என்ற மூன்று கால் வளைவும் அவருடையதே. நேர் கீழே நின்று பார்த்தால் மட்டுமே அது சமச்சீராகத் தோன்றும். துகள் இயற்பியலின் முக்கியமான கருத்தொன்றை அது குறிக்கிறது. ஆய்வகச் சின்னம், சுவரொட்டிகள், கட்டடங்களின் பளிச்சிடும் வண்ணங்கள் ஆகியவற்றில் ஆரம்பகால ஊழியரும் ஓவியருமான ஏஞ்சலா கொன்சாலஸின் பங்கு பெரியது.

குடியிருப்பும் கூடுகைகளும்

வெஸ்டன் ஊரின் வீடுகள் இடிக்கப்படவில்லை. அவை பல வண்ணங்கள் பூசப்பட்டு, உலகெங்குமிருந்து சோதனைகளுக்காக வரும் அறிவியலாளர்களின் தங்கும் விடுதிகளாயின. பண்ணை வீடுகள் சிலவும் பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டன. இப்பகுதி இன்றும் ‘கிராமம்’ என்றே அழைக்கப்படுகிறது.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு மொழியும் ஊரும் அந்நியம். சோதனைகள் இரவும் பகலும் நடப்பவை என்பதால் அறிவியலாளர்கள் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. இச்சூழலில் ஆய்வகக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் ஓர் அமைப்பை உருவாக்கினர். ஆங்கிலப் பேச்சு வகுப்புகள், ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு உணவைச் சமைத்துக் கொண்டுவரும் விருந்துகள், வரவேற்புக் கூட்டங்கள் ஆகியவற்றை இவ்வமைப்பு நடத்தியது. பழைய பண்ணைக் களஞ்சியம் ஒன்று கூடுகைகளுக்கான இடமாக மாற்றப்பட்டது. அங்கு வாத்தியக் கலைஞர்கள் நேரில் வாசிக்க நாட்டுப்புற நடனங்கள் நடந்தன. ஊழியர்களும் அண்டை ஊரினரும் அவற்றில் சேர்ந்து ஆடினர். நிலத்தை இழந்த பண்ணைக் குடும்பங்கள் பழைய அயலாரைச் சந்திப்பதற்கான கூடுகைகளும் வளாகத்தில் நடைபெற்றன.

காட்டெருமைகளும் புல்வெளியும்

1969-ல் வில்சன் ஒரு காளையையும் நான்கு பசுக்களையும் கொண்ட காட்டெருமை மந்தையை வளாகத்துக்குக் கொண்டுவந்தார். ஒருகாலத்தில் அமெரிக்கச் சமவெளிகளில் திரிந்து, வேட்டையால் அருகிப்போன விலங்கு அது. வசந்தகாலத்தில் கன்றுகள் பிறக்கும்போது அவற்றைக் காணக் குழந்தைகளுடன் மக்கள் வருவது வழக்கமாயிற்று. கதிர்வீச்சு கசிந்தால் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதற்காகவே காட்டெருமைகள் வளர்க்கப்படுகின்றன என்ற வதந்தியும் நெடுங்காலம் நிலவியது. அது உண்மையல்ல.

1975-ல் தாவரவியலாளர் ராபர்ட் பெட்ஸ், உழவால் அழிந்துபோன பிரெய்ரி புல்வெளியை முடுக்கி வளையத்தின் உட்பகுதியில் மீட்டெடுக்கும் திட்டத்தை முன்வைத்தார். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்று அவர் சொன்னபோது, அப்படியானால் இன்று பிற்பகலே தொடங்கிவிடலாம் என்று வில்சன் பதிலளித்ததாகச் சொல்லப்படுகிறது. சுமார் 10 ஏக்கரில் தொடங்கிய பணி காலப்போக்கில் ஏறத்தாழ 1,000 ஏக்கராக விரிந்தது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தன்னார்வலர்கள் கையால் புல்விதைகளைச் சேகரிக்கின்றனர். இது ஆய்வகத்தின் மிக நீண்டகாலப் பொதுநிகழ்வுகளில் ஒன்று.

கல்வி

இரண்டாவது இயக்குநர் லியான் லெடர்மேன் 1980-ல் சனிக்கிழமை காலை இயற்பியல் என்ற வகுப்புகளைத் தொடங்கினார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆய்வக அறிவியலாளர்களே பாடம் நடத்தினர். லெடர்மேனுக்கு 1988-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பெயரிலான அறிவியல் கல்வி மையம் வளாகத்தில் இயங்குகிறது.

திறந்த வாயில்

வேலியற்ற ஆய்வகம் என்பது வில்சனின் நோக்கம். அணுகுண்டுத் திட்டத்தின் காவலும் கமுக்கமும் சூழ்ந்த வளாகத்தில் வாழ்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. அண்டை மக்கள் பல ஆண்டுகள் இவ்வளாகத்தை மிதிவண்டிப் பாதையாகவும், மீன்பிடிக்கும் இடமாகவும், பறவை பார்க்கும் இடமாகவும் பயன்படுத்தினர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கட்டுப்பாடுகள் வந்தன. 2020-ல் கொரோனா பெருந்தொற்றால் வளாகம் மூடப்பட்டது. அதன்பின்னும் அடையாளச் சான்று, முன்பதிவு போன்ற விதிகள் நீடித்தன. பழையபடி வாயிலைத் திறக்கக் கோரி அறிவியலாளர்களும் பொதுமக்களும் 2023-ல் மனு அளித்தனர். பாதுகாப்பைக் காரணம் காட்டிய நிர்வாகத்துக்கும், திறந்த தன்மையே ஆய்வகத்தின் அடையாளம் என்று கருதியவர்களுக்கும் இடையிலான விவாதமாக அது அமைந்தது.

வில்சன் 2000 ஜனவரியில் காலமானார். ஆய்வக வளாகத்துக்குள் இருக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேறிகளின் சிறிய இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.